சிலிண்டர் எந்த நாளில் தீரும்? அன்றாடக் கணக்குகளுக்கு நேர்க்கோட்டுச் சமன்பாடு

வீட்டு எரிவாயு சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் 15.4, 15.9 என்பதுபோல ஓர் எண் எழுதியிருக்கும். காலி சிலிண்டரின் எடை அது, கிலோவில். உள்ளே நிரப்பித் தரும் எரிவாயு 14.2 கிலோ. இந்த இரண்டு எண்களும் வீட்டில் ஓர் எடைப்பொறியும் இருந்தால், அடுப்பு எந்த நாளில் அணையப்போகிறது என்று ஒரு மாதம் முன்பே கணித்துவிடலாம். அதற்கு வேண்டிய கணிதம், பள்ளியில் எல்லோரும் படித்துவிட்டு வந்த 'ஒய் = எம் எக்ஸ் + சி' மட்டும்தான்.

அந்தச் சூத்திரத்தைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

இப்போது இருப்பது = தொடக்கத்தில் இருந்தது + வீதம் × கடந்தது

'சி' என்பது தொடக்கத்தில் இருந்தது. பாடநூலில் அதற்கு வெட்டுத்துண்டு என்று பெயர். 'எம்' என்பது வீதம். ஒரு நாள் கடந்தால், ஒரு கிலோமீட்டர் கடந்தால், ஒரு யூனிட் கூடினால் எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. வரைபடத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாகப் போகிறது என்று காட்டுவதால் அதைச் சாய்வு என்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலையெல்லாம் இருக்கிறது. பிறகு வருவது வெறும் கூட்டல் கழித்தல்.

இரண்டு எடை, ஒரு கோடு

புது சிலிண்டரை மாட்டும் அன்று எடை போடுகிறோம். 29.6 கிலோ. பட்டையில் 15.4 என்றிருக்கிறது. கழித்தால் எரிவாயு 14.2 கிலோ. பத்து நாள் கழித்து மறுபடி எடை போட்டால் 26.4 கிலோ வருகிறது. பத்து நாளில் 3.2 கிலோ செலவாகியிருக்கிறது, அதாவது நாளொன்றுக்கு 0.32 கிலோ.

(நகர்த்துவதற்கு முன் ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட வேண்டும். சிலிண்டர் எப்போதும் நின்றபடிதான் இருக்க வேண்டும், சாய்க்கவோ படுக்கவைக்கவோ கூடாது.)

மீதி எரிவாயு = 14.2 − 0.32 × நாள்கள்

குறைந்துகொண்டே போவதால் வீதத்துக்கு முன்னால் கழித்தல் குறி வந்திருக்கிறது. வரைந்தால் கோடு இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும். அது தரையைத் தொடும் நாள்தான் சிலிண்டர் தீரும் நாள். மீதி பூஜ்யம் என்று வைத்தால் 14.2 ÷ 0.32, ஏறத்தாழ 44 நாள். புது சிலிண்டர் வீடு வந்து சேர நான்கு நாள் ஆகுமென்றால் நாற்பதாம் நாளுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வீதத்தைக் கண்டுபிடிக்கக் காலி எடை தேவையே இல்லை. 29.6-இலிருந்து 26.4-ஐக் கழிக்கும்போது இரும்பின் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. ஆனால் தீரும் நாளுக்கு அது கட்டாயம் வேண்டும். காலி எடை சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபடும். இந்த முறை வந்ததில் 15.4 என்றிருக்க, போன முறை குறித்துவைத்த 15.9-ஐப் போட்டுவிட்டால் கணக்கில் அரை கிலோ தவறும். 0.5 ÷ 0.32 என்பது ஒன்றரை நாளுக்கு மேல்.

எத்தனை நாள் இடைவெளியில் எடை போட வேண்டும்?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வீட்டு எடைப்பொறி 0.1 கிலோ கூடக் குறையக் காட்டுவது சகஜம். இரண்டு முறை போடும்போது மோசமான நிலையில் 0.2 கிலோ பிழை சேரும். பத்து நாள் இடைவெளியில் அந்த 0.2 கிலோவைப் பத்தால் வகுக்கிறோம், ஆகவே வீதத்தில் பிழை 0.02 மட்டும். உண்மை வீதம் 0.30-க்கும் 0.34-க்கும் நடுவில் இருக்கும், சிலிண்டர் 42 முதல் 47 நாள் வரை வரும். பதிவு செய்யும் நாளை முடிவு செய்ய இந்தத் துல்லியம் போதும்.

இதையே அவசரப்பட்டு இரண்டு நாளில் அளந்தால் 0.2-ஐ இரண்டால்தான் வகுப்போம். பிழை 0.1 ஆகிவிடும். வீதம் 0.22 ஆகவும் இருக்கலாம், 0.42 ஆகவும் இருக்கலாம். அதன்படி சிலிண்டர் 34 நாளிலும் தீரலாம், 64 நாளும் வரலாம். இப்படி ஒரு விடையை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. எடைப்பொறி அதேதான், சமன்பாடும் அதேதான். அளந்த இரண்டு புள்ளிகளும் ஒட்டி ஒட்டி இருந்ததுதான் கோளாறு. இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு வரையும்போது அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்குச் சாய்வு நம்பகமாக இருக்கும்.

மூன்றாவது முறையும் எடை போடுவது நல்லது. எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்க்கோடு இணைத்துவிடும். ஆகவே அவை கோட்டின் மேல் விழுவது எதையும் நிரூபிக்காது. இருபதாம் நாள் மீதி 7.8 கிலோ இருக்க வேண்டும் என்று சமன்பாடு சொல்கிறது. எடை போட்டால் 7.7 அல்லது 7.9 வந்தால் கோடு சரி. 6.5 வந்தால் நடுவில் எதுவோ மாறியிருக்கிறது. சமையல் கூடியிருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம். கசிவென்று சந்தேகம் வந்தால் கணக்கை ஒதுக்கிவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

வீதம் நடுவில் மாறினால்? இருபதாம் நாள் ஊரிலிருந்து உறவினர் வந்து ஐந்து நாள் தங்குகிறார்கள், அந்த நாள்களில் 0.6 கிலோ வீதம் செலவாகிறது என்று வைப்போம். ஐந்து நாளில் 3 கிலோ. மீதி 7.8 − 3 = 4.8. அவர்கள் கிளம்பிய பிறகு பழைய வீதம், ஆகவே 4.8 ÷ 0.32 = 15 நாள். மொத்தம் 20 + 5 + 15 = 40. கோடு ஒடிந்து, சிறிது தூரம் செங்குத்தாக இறங்கி, மறுபடி பழைய சாய்வுக்குத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தனி நேர்க்கோடு. ஒரு துண்டு முடிந்த இடமே அடுத்த துண்டின் தொடக்கம்.

ஆட்டோ மீட்டரில் யாரும் கொடுக்காத 3 ரூபாய் 40 காசு

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். சமன்பாடு எழுதச் சொன்னால் பலர் சட்டென்று '25 + 12 × தூரம்' என்று எழுதிவிடுவார்கள். 6.8 கிலோமீட்டருக்கு அது 106 ரூபாய் 60 காசு காட்டும். சரியான கட்டணம் 85 ரூபாய். வித்தியாசம் 21 ரூபாய் 60 காசு, அதாவது சரியாக 12 × 1.8. 25 ரூபாயிலேயே அடங்கிவிட்ட தூரத்துக்கு இன்னொரு முறை காசு கணக்கிட்டதன் விளைவு.

கட்டணம் = 25 + 12 × (தூரம் − 1.8)

அடைப்பை விரித்துச் சுருக்கினால் '12 × தூரம் + 3.40' என்று வரும். கணிதப்படி தவறில்லை. ஆனால் அந்த 3 ரூபாய் 40 காசு என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவுடன் யாரும் 3.40 கொடுப்பதில்லை. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது அச்சை வெட்டும் இடம் அது, அவ்வளவே. 1.8 கிலோமீட்டருக்குக் கீழே இந்தக் கோடு செல்லாது, அங்கே கட்டணம் 25 என்று தட்டையாக நிற்கிறது. எந்தச் சமன்பாட்டை எழுதினாலும் பக்கத்திலேயே 'எதிலிருந்து எதுவரை' என்று எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

சாய்வும் சராசரியும் ஒன்றல்ல என்பதும் இங்கே தெளிவாகத் தெரியும். 1.8 கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்குச் சராசரி 13 ரூபாய் 89 காசு. 6.8 கிலோமீட்டருக்கு 12.50. 21.8 கிலோமீட்டர் போனால் 265 ரூபாய், சராசரி 12.16. தொடக்கத்தில் ஒட்டிய நிலையான தொகை தூரம் கூடக் கூடக் கரைகிறது. சராசரி 12-ஐ நெருங்குமே தவிர அதைத் தொடாது. ஆனால் சாய்வு 1.8-ஐத் தாண்டியதும் 12-தான், கடைசி வரை அதேதான். 'இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் எவ்வளவு கூடும்?' என்ற கேள்விக்குச் சாய்வு பதில் சொல்லும். 'மொத்தத்தில் எனக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுந்தது?' என்பதற்குச் சராசரி.

வீதத்தையும் தொடக்கத்தையும் குழப்பிக்கொள்வது வெப்பநிலையிலும் நடக்கிறது. பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. 37 டிகிரி செல்சியஸ் என்றால் 98.6 பாரன்ஹீட். ஆனால் 'வெயில் நேற்றைவிட 2 டிகிரி செல்சியஸ் கூடுதல்' என்பதை 35.6 பாரன்ஹீட் கூடுதல் என்று மாற்றக் கூடாது. மாற்றத்துக்கு 1.8 மட்டும் போதும். கூடுதல் 3.6 பாரன்ஹீட். 32 என்பது தொடக்கப்புள்ளி, வித்தியாசம் எடுக்கும்போது அது அடிபட்டுவிடும், சிலிண்டரின் இரும்பு எடையைப் போல.

மின் கட்டணம்: கோடு ஒடியும் இடமும் தாவும் இடமும்

தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் இதற்கெல்லாம் அருமையான பாடம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலைகளை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் விலைகள் மாறியதால் உங்கள் ரசீதில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் வழி இதுதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

450 யூனிட் ஓடியிருந்தால் எல்லா யூனிட்டுக்கும் 6 ரூபாய் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு படிக்கும் அதன் விலைதான்: 0 + 225 + 900 + 300 = 1,425 ரூபாய். வரைந்தால் 100 வரை தரையோடு படுத்திருக்கும் கோடு, பிறகு 2.25 சாய்வில் ஏறி, 200-இல் ஒடிந்து 4.50 சாய்வுக்கும், 400-இல் ஒடிந்து 6 சாய்வுக்கும் போகும். ஒடிவு இருக்கும், அறுந்து போகாது.

500-இல் அறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்ட வீட்டுக்கு 2.25 ரூபாய் என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறு 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 225 + 900 + 600 = 1,725. 501 யூனிட்டுக்கு 1,350 + 600 + 8 = 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதில் 8 ரூபாய்தான் அந்த யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், ஏற்கெனவே எரித்துவிட்ட நூறு யூனிட்டுக்குச் சலுகை போனதால் வந்தது. இந்த இடத்தில் சாய்வு என்ன என்று கேட்பதே பொருந்தாது. கோடு ஏறவில்லை, தாவியிருக்கிறது.

ஆகவே 500-ஐ ஒட்டி ஓடும் வீடுகள் மாதக் கடைசியில் அல்ல, நடுவிலேயே மீட்டரைப் பார்ப்பது லாபம். கணக்கெடுத்த இருபதாம் நாள் 190 யூனிட் ஓடியிருந்தால் வீதம் நாளுக்கு 9.5. இப்படியே போனால் 60 நாளில் 570. 500-க்குள் நிறுத்த வேண்டுமானால் மீதி 40 நாளுக்கு 310 யூனிட்தான், நாளுக்கு 7.75. அதாவது தினமும் 1.75 யூனிட் குறைய வேண்டும். கணக்கெடுப்பு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம் என்பதால் 60-க்குப் பதில் 63 நாள் என்று வைத்துக் கணக்கிடுவது புத்திசாலித்தனம்.

இதே கட்டணத்தில் மின்விசிறி வாங்கும் கேள்வியைப் பார்ப்போம். பழைய மின்விசிறி 75 வாட், புதிய பிஎல்டிசி மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது) 30 வாட் என்று கொள்வோம். வித்தியாசம் 45 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 × 15 × 60 = 40,500 வாட்-மணி. 1,000 வாட்-மணி ஒரு யூனிட், ஆகவே சுமார் 40 யூனிட் மிச்சம். புதியதற்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று வைத்தால், அந்தப் பணம் எப்போது திரும்பும்?

விசிறி ஒன்றுதான், ஆனால் விடை வீட்டுக்கு வீடு வேறு. 450 யூனிட் வீட்டில் மிச்சமாகும் 40 யூனிட்டும் 6 ரூபாய்ப் படியிலிருந்து கழிகிறது, ரசீதுக்கு 240 ரூபாய். ஆறேகால் ரசீதில், அதாவது ஓராண்டுக்குச் சற்று மேல் பணம் திரும்பும். 300 யூனிட் வீட்டில் 4.50 வீதம் 180 ரூபாய், பதினேழு மாதம் பிடிக்கும். 540 யூனிட் வீடு 500-க்கு இறங்கினால் 2,270 ரூபாய் ரசீது 1,725 ஆகும், மிச்சம் 545 ரூபாய், மூன்றாவது ரசீதிலேயே பணம் திரும்பிவிடும். 90 யூனிட் வீட்டுக்குப் பணமாக எதுவும் திரும்பாது, அங்கே சாய்வு பூஜ்யம். விளம்பரங்களில் 'ஆண்டுக்கு இத்தனை ரூபாய் சேமிப்பு' என்று ஒரே எண்ணைப் போடுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் சாய்வைத்தான் போட வேண்டும்.

குடமும் மேட்டூரும்

குழாயடியில் குடத்தை வைத்தால், நீர் ஒரே வீதத்தில் விழுந்தாலும் மட்டம் ஒரே வீதத்தில் ஏறுவதில்லை. வயிற்றுப் பகுதியில் மெதுவாக ஏறி, கழுத்துக்கு வந்ததும் விறுவிறுவென்று ஏறும். அந்த ஓசை மாறுவதைக் கேட்டுத்தான் குழாயை மூடுகிறோம். குடத்தில் உள்ள நீரின் அளவு நேரத்தோடு நேர்க்கோட்டில் போகிறது, உயரம் போகவில்லை. நேராக நிற்கும் உருளைத் தொட்டியாக இருந்தால் இரண்டும் நேர்க்கோடுதான்.

அணைகளில் இதன் நேர்மாறு. அடி குறுகி, மேலே அகன்றுகொண்டே போகும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி). 100 அடியில் இருப்பு சுமார் 65 டிஎம்சி. கீழுள்ள நூறு அடிக்குச் சராசரியாக அடிக்கு 0.65 டிஎம்சி, மேலுள்ள இருபது அடிக்கோ அடிக்கு 1.42 டிஎம்சி.

செய்தியில் நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வகுத்தால், வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் செய்தியே கணக்காகிவிடும். நீர்வரத்து 30,000, வெளியேற்றம் 12,000 என்று வைப்போம். வீதம் என்பது இரண்டின் வித்தியாசம், 18,000. அதை 11,574-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 1.56 டிஎம்சி.

இருப்பு = 65 + 1.56 × நாள்கள்

நிரம்ப வேண்டிய 28.47 டிஎம்சிக்குச் சுமார் 18 நாள் ஆகும், நீர்வரத்து மாறாமல் இருந்தால். இதே கணக்கை அடியில் போட்டவர் ஏமாறுவார். கீழ்ப்பகுதியில் இந்த வரத்துக்கு மட்டம் சராசரியாக நாளுக்கு இரண்டே கால் அடிக்கு மேல் ஏறியிருக்கும். அதே வேகத்தில் மீதி இருபது அடியும் ஏறும் என்று நினைத்தால் ஒன்பது நாளுக்குள் அணை நிரம்பும் என்று விடை வரும். மேலே உண்மையில் நாளுக்கு 1.1 அடிதான் ஏறும். ஆகவே மட்டத்தை டிஎம்சியாக மாற்றி, நேர்க்கோட்டை அங்கே போட்டு, கிடைத்த விடையைக் கடைசியில் அடிக்குத் திருப்புவதே சரியான வழி. நீர்வரத்து நாளுக்கு நாள் மாறும் என்பதால், மறுநாள் செய்தி வந்ததும் புதிய இருப்பையும் புதிய வீதத்தையும் வைத்துக் கோட்டை மறுபடி போட வேண்டும்.